ஹோல்ராய்ட் என்றால் பள்ளக்காடு

1

கையை நீட்டச் சொல்வதற்கு முன்னால் குடும்பப் பெயரைக் கேட்க வேண்டும். அப்புறம் பிறந்த தேதி. அப்புறம்தான் ஊசி. இங்கிலாந்தின் வடக்கே யார்க்ஷயரில், ஹாலிஃபாக்ஸுக்குப் பக்கத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கிற வேலை எனக்கு. குழாயில் லேபிள் ஒட்டுகிறவரைக்கும் எல்லார் ரத்தமும் ஒரே மாதிரிதான் இருக்கும். ஒட்ட மறந்தால் கொட்டிவிட்டு மறுபடியும் குத்த வேண்டியதுதான்.

இந்தப் பள்ளத்தாக்கில் காலையில் உட்கார்ந்தால் ஹோல்ராய்ட், ஏக்ராய்ட், பூத்ராய்ட், மர்கட்ராய்ட் என்று ஒருவர் பின் ஒருவராக வருவார்கள். போன வாரம் ஒரு ஹோல்ராய்ட் எழுந்து போய் அடுத்த ஹோல்ராய்ட் உட்கார்ந்ததும், புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் கோட்டயத்துப் பெண் சிரித்துக்கொண்டே, "சேச்சி, இவரெல்லாம் ஒரே ரத்தமா?" என்றாள். சாதாரணக் கேள்வி. எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ, "வேலையைப் பாரு" என்று எரிந்து விழுந்தேன். அந்தப் பெண் அன்றைக்கு முழுக்க என்னோடு பேசவில்லை. அவளிடம் சொல்ல முடியாததைத்தான் இங்கே எழுதுகிறேன். அடுத்த வாரத்தோடு என் மகள் யாழினிக்குக் கல்யாணமாகி ஒரு வருடம். அவள் இப்போது யாழினி ஹோல்ராய்ட்.

"பொண்ணு பேரையே மாத்திக்கிட்டாளாமா?" என்று கோயமுத்தூரிலிருந்து துக்கம் விசாரிக்கிற குரலில் கேட்கிறார்கள். எனக்கு இங்கே இருபது வருடத்துக்கும் மேலாக என் பெயரே கிடையாது, அதை யார் கேட்டார்கள்? ஊரில் நான் கு. மல்லிகா. பாஸ்போர்ட்டுக்காக இனிஷியலை விரித்து எழுதினோம். குடும்பப் பெயருக்கான கட்டத்தில் குப்புசாமி ஏறி உட்கார்ந்துகொண்டார். வங்கி, வரி, தண்ணீர், மின்சாரம், எந்தக் கடிதம் வந்தாலும் 'அன்புள்ள மிஸ்ஸஸ் குப்புசாமி'தான். மாற்றலாம் என்று கிளம்பினால் இந்த ஆபீஸ் அந்த ஆபீஸைக் கைகாட்டுகிறது, அந்த ஆபீஸ் இந்த ஆபீஸைக் கைகாட்டுகிறது. குப்புசாமி என் அப்பா. என் அக்காவைக் கொன்றவர். யாராவது கவுன்ட்டரில் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் நான்தான் எழுந்து போக வேண்டும்.

இதைப் படிக்கிறவர்களில் சிலருக்கு என் அண்ணனைத் தெரிந்திருக்கும். தெரிந்தால் அவனுக்கும் படித்துக் காட்டுங்கள்.

2

மாப்பிள்ளை ஆடமின் அப்பா கீத், பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர். மனிதருக்குத் தன் பெயரின் மேல் அப்படியொரு பித்து. சம்பந்தம் பேசப் போன எங்களுக்கு டீ கொடுத்த கையோடு காரில் ஏற்றி, மழையில் ஒரு மலைச் சரிவுக்குக் கூட்டிப்போனார். கல் சுவர்களுக்கு நடுவே நாலைந்து செம்மறி ஆடுகள் நின்ற ஒரு பள்ளத்தைக் காட்டி, "இதுதான் நாங்கள்" என்றார்.

'ராய்ட்' என்பது இந்தப் பக்கத்துப் பழைய சொல்லாம். மரத்தை வெட்டித் திருத்திய நிலம். ஹோல்ராய்ட் என்றால் பள்ளத்தில் திருத்திய நிலம். ஏக்ராய்ட், ஓக் மரம் நின்ற நிலம். பூத்ராய்ட், குடிசை இருந்த நிலம். அறுநூறு எழுநூறு வருடத்துக்கு முந்தியே, எந்த நிலத்தில் உழுதானோ அந்த நிலத்தின் பெயர் ஆளின் மேல் ஒட்டிக்கொண்டது. என் வீட்டுக்காரர் குடையைப் பிடித்துக்கொண்டு, "ஏம்மல்லி, நம்மூர்ல பள்ளக்காட்டார், சாளைக்காட்டார்ங்கறமே, அதேதான?" என்றார். அதேதான், சாளை என்றாலும் குடிசைதான். நாங்களும் உழுகிற நிலத்தைக் காடு என்றுதான் சொல்கிறோம். பெருந்துறைப் பக்கத்தில் எங்கள் பூமிக்கு மேட்டுக்காடு என்று பெயர். கீத்திடம் சொன்னேன். அவர் சந்தோஷத்தில் என் கையைப் பிடித்து ஆட்டி, தன் குடையைக் காற்றில் பறிகொடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் ஆடம் கம்ப்யூட்டரில் ஒரு படம் காட்டினான். ஹோல்ராய்டுகள் இப்போது எங்கெங்கே இருக்கிறார்கள் என்பதற்கான படம். ஹாலிஃபாக்ஸ், ஹடர்ஸ்ஃபீல்டு பக்கம் அடர்த்தியான சிவப்பு. மலைக்கு அந்தப் பக்கம் லங்காஷயரில் கொஞ்சம். தெற்கே போகப் போக ஒன்றுமில்லை. அப்புறம் கடல் தாண்டி அமெரிக்காவில், கனடாவில், ஆஸ்திரேலியாவில் தெறித்த புள்ளிகள். ஆஸ்திரேலியாவில் இந்தப் பெயரில் ஓர் ஆறே ஓடுகிறதாம். எனக்கு அந்தப் படம் ரத்தம் பிடித்த குழாய் தரையில் விழுந்து உடைந்த மாதிரி இருந்தது. எங்கள் குலத்துக்கு, அதைக் கூட்டம் என்போம், படம் போட்டாலும் இப்படித்தான் வரும் என்று நினைத்துக்கொண்டேன். காங்கேயம், பெருந்துறை, ஈரோட்டில் ஒரே சிவப்பு, டெக்சாஸிலும் மெல்போர்னிலும் இரண்டு சொட்டு.

அப்போதுதான் கீத்தின் மனைவி ஜூடித், பிஸ்கட் தட்டை வைத்துக்கொண்டே, "நான் பிறக்கும்போதே ஹோல்ராய்ட்" என்றாள். இருவருக்கும் கல்யாணத்துக்கு முன்பே ஒரே குடும்பப் பெயர். பதிவு செய்யப் போன இடத்தில் அலுவலர், தவறாக எழுதிவிட்டீர்கள் என்று தாளைத் திருப்பிக் கொடுத்தாராம். சிரித்தார்கள். உறவா என்று கேட்டேன். "அய்யோ, இல்லை. பள்ளம் ஒன்றா இரண்டா? ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஒரு ஹோல்ராய்ட்" என்றார் கீத். யாழினியும் சிரித்தாள். நான் கழிப்பறைக்குப் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டேன்.

3

கொங்கு நாட்டுக்கு வெளியே இருக்கிறவர்களுக்காக இதைச் சொல்ல வேண்டும். எங்கள் சாதிக்குள் கூட்டம் கூட்டமாகப் பிரிவுகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர், ஒரு குலதெய்வம். ஒரே கூட்டத்தில் பிறந்தவர்கள் எல்லாரும் பங்காளிகள். வேறு ஊர், வேறு மாவட்டம், பத்துத் தலைமுறைக்கு ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்றாலும் அண்ணன் தங்கச்சி முறைதான். கட்டக் கூடாது. எங்கள் கூட்டத்தின் பெயரை நான் எழுதப் போவதில்லை. அது எனக்கு வாயில் வைக்கப் பிடிக்காத பெயர்.

என் அக்கா பூங்கொடி ஈரோட்டில் ஒரு விசைத்தறிக் கம்பெனியில் கணக்கு எழுதினாள். அங்கே மேஸ்திரியாக இருந்தவர் தங்கவேல். தாராபுரத்துக்குத் தெற்கே ஏதோ ஓர் ஊர். இரண்டு வீட்டுக்கும் எந்தத் தாத்தன் வழியிலும் உறவு கிடையாது. கூட்டத்தின் பெயர் மட்டும் ஒன்று. அவர்கள் ஒரு கோயிலில் தாலி கட்டிக்கொண்டு கோயமுத்தூர் காந்திபுரத்தில் ஒரு லாட்ஜில் ரூம் எடுத்திருந்தார்கள். பட்டப்பகலில் அண்ணன் செல்வராஜும் அவன் சிநேகிதர்கள் இரண்டு பேரும் போர்வெல் குழாயை வெட்டி எடுத்துக்கொண்டு போனார்கள். கீழே டவுன் பஸ் ஹாரன் சத்தத்தில் மேலே போட்ட கூச்சல் யாருக்கும் கேட்கவில்லையாம். தங்கவேலின் வலது கையைக் கட்டில் சட்டத்தில் வைத்து அடித்தார்கள். அப்புறம் முழங்கால்கள். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், வீட்டுக்கு வந்து கிணற்றடியில் சட்டையில் இருந்த ரத்தத்தைக் கசக்கிக்கொண்டே அண்ணன் சித்தப்பாவிடம் சொன்னான். பெருமையாகத்தான் சொன்னான். நான் பதினொன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன்.

பூங்கொடியைத் தலைமுடியைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார்கள். தாலியை அம்மாதான் அறுத்தாள். கழுத்தில் கயிறு இழுத்த இடம் கன்றிப் போயிருந்தது. அப்பா அவளைப் பருத்தி மூட்டை போடுகிற அறையில் தள்ளினார். தினமும் உள்ளே போய் அடித்தார். 'அவன அண்ணன்னு சொல்லு' என்று கேட்டுக் கேட்டு அடித்தார். அவள் சொல்லவில்லை. ஒருநாள் காலை, காட்டுக்கு அடிக்கிற மருந்து டப்பாவை அறைக்குள் வைத்துவிட்டு வெளியே வந்து தாழ் போட்டார். "மானம் இருந்தாக் குடி" என்றார். நான் கதவுக்கு ஓடினேன். அம்மா என்னைக் கட்டிப்பிடித்துத் தரையோடு அழுத்திக்கொண்டாள். அவள் பிடி அவ்வளவு இறுக்கமாக இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. மத்தியானம்வரை கதவை உதைக்கிற சத்தம் கேட்டது. போலீஸ்காரர்கள் வந்து, தீராத வயிற்றுவலியால் மருந்து குடித்தாள் என்று எழுதிக்கொண்டு போனார்கள்.

அப்படிப்பட்ட அண்ணனோடு எப்படிப் பேசிக்கொண்டிருந்தாய் என்று கேட்பீர்கள். அப்பா போன பிறகும் அம்மா கொஞ்ச காலம் உயிரோடு இருந்தாள். அவளைப் பார்க்கப் போனால் அந்த வீட்டில்தான் இறங்க வேண்டும். அண்ணன் இப்போது கோயமுத்தூரில் மோட்டார் பம்புக்கு வார்ப்பு ஊற்றித் தருகிற முதலாளி. பூங்கொடி என்ற பெயரை அந்த வீட்டில் அதற்கப்புறம் யாரும் உச்சரிக்கவில்லை.

4

வெள்ளைக்கார மாப்பிள்ளை என்றதும் அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. ஆடம் எந்தச் சாதி, எந்தக் கூட்டம் என்று ஒருவரும் கேட்கவில்லை. கல்யாணம் கோயமுத்தூரில்தான், மண்டபம் தன் பொறுப்பு, தாய்மாமன் சீர் பதினாறு தட்டு என்று அவனே அறிவித்தான். எங்கள் பக்கத்தில் தாய்மாமன் வந்து மாலை போட்டு மணவறைக்கு அழைத்துப் போகாமல் பெண் எழுந்திருக்க மாட்டாள். வேறு அண்ணன் தம்பி எனக்கு இல்லை.

இந்த லட்சணத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் கீத்தையும் அவனையும் பேச வைத்தோம். கீத் சும்மா இருப்பாரா? பள்ளம், ராய்ட், ஜூடித்தும் ஹோல்ராய்ட் என்று ஆரம்பித்துவிட்டார். என் வீட்டுக்காரர் மொழிபெயர்த்தார். அண்ணனின் சிரிப்பு அப்படியே நின்றது. அவர்கள் கிளம்பிப் போனதும் எனக்கு போன் வந்தது.

"ஏனம்மணி, அந்தாளு சொன்னது நெசமா? கட்டறதுக்கு முந்தியே ரெண்டு பேரும் ஒரே பேருக்காரங்களா?"

"ஆமா."

"அப்பறம் அண்ணந்தங்கச்சியில்ல ஆவுது! கருமம், அந்த ஊட்டுக்கா புள்ளையக் குடுக்கறே?"

"அவங்களுக்கு ஒட்டே கெடையாதுண்ணா. பேரு மட்டுந்தான் ஒன்னு."

பிறகு குரலை இறக்கிக்கொண்டு, "செரி, உடு. வெள்ளக்காரனுக்கு அதெல்லாம் ஏது? இங்க யாருகிட்டயும் சொல்லிப்போடாத, நாஞ் சமாளிச்சுக்கறேன்" என்றான்.

சமாளித்துக்கொள்கிறானாம். அந்த ஒரு வார்த்தை என் மண்டைக்குள் வெடித்தது. "பூங்கொடிக்கு மட்டும் உன்னால சமாளிக்க முடியிலியாடா?" என்று கத்தினேன். முப்பது வருடத்தில் முதல் தடவையாக அவனை டா போட்டேன்.

"செத்தவ பேச்சு இப்ப எதுக்கு?"

"செத்தவளா? கொன்னவன் நீ."

"அவளக் கொன்னது அவ கொழுப்பு. இன்னொருக்கா அந்தப் பேர எடுத்தே, அங்க வந்து உன்ற வாயக் கிழிச்சுப்போடுவேன் பாத்துக்க."

போனைச் சுவரில் அடித்தேன். கண்ணாடி தெறித்து என் கட்டைவிரலில் ஏறியது. திரும்பிப் பார்த்தால் மாடிப்படியில் யாழினி நிற்கிறாள்.

5

பெரியம்மா மஞ்சள் காமாலையில் போய்விட்டாள் என்றுதான் அவளிடம் சொல்லி வைத்திருந்தேன். அன்றைக்கு எல்லாவற்றையும் சொன்னேன். யாழினியின் தமிழ் ஆறு வயதோடு நின்றுவிட்ட தமிழ். நான் இட்லிக்கு மாவு அரைக்கும்போது அவள் காதில் எதையோ மாட்டிக்கொண்டு மாடிக்குப் போய்விடுவாள். கை நழுவிப் போய்விட்டாள் என்றே நினைத்திருந்தேன். அவள் என் விரலிலிருந்து கண்ணாடிச் சில்லை எடுத்துக்கொண்டே கேட்டாள்.

"அம்மா, இது கொலை. அந்தக் கை எனக்கு மாலை போட நீ விடுவியா?"

"மாட்டேன்" என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, மாமன் இல்லாமல் பெண்ணை எப்படி எழுப்புவது என்று அடுத்த நிமிடமே எனக்குக் கவலை. இவ்வளவு நடந்தும் அந்த முறை என்னை விடவில்லை பாருங்கள். யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். ஒரே கூட்டம் என்பதால்தானே தங்கவேலை அடித்தார்கள்? அவர்கள் கணக்குப்படியே அவர் எனக்கு அண்ணன். அப்படியென்றால் யாழினிக்குத் தாய்மாமன் அவர்தான். அவரைக் கூப்பிட்டு மணவறைக்கு முன்னால் நிறுத்தினால் செல்வராஜ் வாயைத் திறக்க முடியாது. அவன் குழாயாலேயே அவனைத் திருப்பி அடித்த மாதிரி இருந்தது. எனக்கு வெறிபிடித்த சந்தோஷம்.

தங்கவேல் பிழைத்துப் போத்தனூரில் இருப்பது தெரியும். அங்கே இருக்கும் என் பள்ளித் தோழி எண் வாங்கிக் கொடுத்தாள். ரயில்வே ஸ்டேஷன் பக்கம் டூவீலர் ஸ்டாண்டில் டோக்கன் கொடுக்கிற வேலை. மறுபடி கல்யாணம் செய்துகொள்ளவில்லை.

"ஏனுங்க, தங்கவேலுங்களா? நான் மல்லிகா பேசறனுங்க. பூங்கொடி தங்கச்சி."

அந்தப் பக்கம் ரயில் அறிவிப்பு ஓடிக்கொண்டிருந்தது. "சொல்லுங்க அம்மணி" என்றார்.

என் யோசனையைச் சொன்னேன். மாமனாக வந்து நிற்க வேண்டும், அவர்களை அவர்கள் வாயாலேயே அடக்க வேண்டும் என்று மூச்சு விடாமல் பேசினேன்.

"அம்மணி, கோவிச்சுக்காதீங்க. அன்னைக்கி அந்த ரூம்புல உங்கண்ணன் என்ற கையக் கட்டலு மேல வெச்சுட்டு ஒன்னே ஒன்னுதானுங்க கேட்டான். 'தங்கச்சின்னு சொல்லு, உட்டர்றேன்'னான். சொல்லியிருந்தா கை பொழச்சிருக்கும். நாஞ் சொல்லுலீங்க. இப்ப நீங்க அதையே சொல்லச் சொல்றீங்க."

அந்த மருந்து டப்பா அறைக்குள் பூங்கொடியும் அதைச் சொல்லவில்லை என்று சொன்னேன். அது அவருக்குத் தெரியாது. இத்தனை வருடமும் யாரும் சொல்லவில்லை. அவர் அழுதார். ஸ்டாண்டில் யாரோ வண்டியை எடுக்க வந்து, "அண்ணா, டோக்கன்" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். நானும் இந்தப் பக்கம் குமுறிக் குமுறி அழுதேன். எவ்வளவு பெரிய மடத்தனம் செய்யப் பார்த்தேன்!

கடைசியில் அவர்தான் பேசினார். "நான் அவ ஊட்டுக்காரனுங்க. உங்க புள்ளைக்கிப் பெரியப்பன். அப்படிக் கூப்புடறதுன்னாச் சொல்லுங்க, வாரேன்."

"அவன் சும்மா இருக்க மாட்டானுங்க" என்றேன்.

"தெரியுமுங்க. அன்னைக்கி எங்க ரெண்டு பேரத் தவுர ஆருமில்ல. மண்டபத்துல ஊரே இருக்குமில்லீங்க?"

6

பத்திரிகையில் பெரியப்பா தங்கவேல், பெரியம்மா அமரர் பூங்கொடி என்று அச்சடித்தோம். "கல்யாணத்துல எதுக்கு வம்பு, மல்லி?" என்று முனகிய என் வீட்டுக்காரர், பிறகு அவரே அச்சகத்துக்கு போன் பண்ணி எழுத்தைப் பெரிதாக்கச் சொன்னார். மாமன் என்ற இடத்தில் யார் பெயரும் இல்லை.

பெயர் இல்லாவிட்டாலும் செல்வராஜ் வந்தான். தாய்மாமன் வராவிட்டால் அவனுக்கல்லவா கேவலம்? பதினாறு தட்டோடு, மேளத்தோடு, வெள்ளை வேட்டி ஆட்கள் சூழ வந்தான். தங்கவேல் டவுன் பஸ்ஸில் தனியாக வந்து முன்வரிசையில் கீத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கீத் வலது கையை நீட்ட, அவர் இடது கையைக் கொடுத்திருந்தார். செல்வராஜ் நேராக அவருக்கு முன்னால் போய் நின்றான்.

"எந்திரிடா."

"பொண்ணுக்குப் பெரியப்பனுங்க நானு. எந்திரிக்க மாட்டனுங்க."

அவன் குனிந்து அந்த வளைந்த வலது கையையே பிடித்து முறுக்கி இழுத்தான். நாற்காலி சாய்ந்தது. தங்கவேல் தரையில் விழுந்தார். பழத்தட்டு ஒன்று கவிழ்ந்து ஆப்பிள்கள் செருப்புகளுக்கு நடுவே உருண்டன. மேளம் நின்றது. சுற்றி நின்ற அத்தனை பங்காளிகளில் ஒருவர் குனியவில்லை. கீத்துதான் அந்த வயதில் மண்டியிட்டுத் தங்கவேலைத் தூக்கினார். செல்வராஜ் காலை ஓங்கினான்.

நான் அவனை அறைந்தேன். புறங்கையால் இன்னொன்று விட்டேன். என் மோதிரம் கிழித்து உதட்டிலிருந்து ரத்தம் அவன் பட்டுச் சட்டையில் வழிந்தது. தினமும் ரத்தம் எடுக்கிறவள் நான், பெயரைக் கேட்காமல் எடுத்தது அன்றைக்குத்தான். "ரெண்டாவதா என்னையும் கொல்லு" என்றேன். அவன் கையை ஓங்கினான். என் வீட்டுக்காரரும் ஆடமும் எனக்கு இரண்டு பக்கத்திலும் வந்து நின்றார்கள். அவன் ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு சபையைப் பார்த்து, "இந்தக் கல்யாணத்துல சோறு திங்கறவன் எனக்குப் பங்காளியில்ல" என்று சொல்லிவிட்டு வெளியே போனான். மண்டபத்தில் பாதிப் பேர் அவன் பின்னால் போனார்கள். பாதிப் பேர் இருந்தார்கள். இவ்வளவு பேர் இருப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை.

சடங்கு செய்துவைக்க வந்த பெரியவர் தயங்கி, "மாமன் இல்லாம எப்படீங்க பொண்ண எழுப்பறது?" என்றார்.

"நானே எழுந்துக்கறேனுங்க" என்றாள் யாழினி. அந்த ஆறு வயதுத் தமிழில், 'ங்க'வைச் சரியாகச் சேர்த்துச் சொன்னாள். மாலையைத் தானே எடுத்துப் போட்டுக்கொண்டு, தங்கவேலின் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, மணவறைக்கு நடந்து போனாள்.

தாலி கட்டி முடிந்ததும் குடும்பப் படம் எடுக்க எல்லாரும் மேடை ஏறினோம். தங்கவேலின் சட்டைத் தோள் கிழிந்திருந்தது. அவர் ஜூடித்துக்குப் பக்கத்தில் நின்றார், ஒட்டி நிற்காமல் தள்ளி நின்றார்.

"பெரியவரே, சித்த உள்ள வாங்க. நடுவுல கேப் உளுகுது" என்றான் போட்டோக்காரன்.

"இல்லீங்க தம்பி. அது எம்பட சம்சாரம் நிக்கற எடமுங்க. அப்படியே எடுங்க."

போட்டோக்காரன் புரியாமல் என்னைப் பார்த்தான். அவர் என்ன சொன்னார் என்று ஜூடித் யாழினியிடம் மெதுவாகக் கேட்டாள். யாழினி ஆங்கிலத்தில் சொன்னாள். ஜூடித் அந்த இடத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தானும் ஓர் அடி தள்ளி நின்றாள்.